ஏழாவது கெய்சர்

தொலைந்த பொருளைத் தேடுவதுதான் ரபேலுக்கு வேலை. ரயில்வே சரக்கு ஆபீசில் ஒரு மூலை மேசை, ஒரு மைப்புட்டி, ஒரு தடித்த நோட்டு. ஈப்போவுக்குப் போக வேண்டிய கருவாட்டு மூட்டை சிரம்பானில் இறங்கிவிட்டால், ஊர் மூக்கைப் பொத்துவதற்குள் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ மூட்டைகளை மீட்டவர். தன் மூக்குக் கண்ணாடியை மட்டும் தினமும் காலையில் மனைவி கெர்ட்ரூட்தான் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பிய பிறகாவது தேடுவதை நிறுத்தலாம் அல்லவா? மாட்டார். அங்கே அவருக்கு அட்டைப் பைத்தியம். ஜெர்மனியோடு பெரிய சண்டை நடந்த நாளில் வெள்ளைக்காரர்கள் எதிரியைத் துப்பாக்கியால் சுட்டது போதாதென்று கேலிப் படம் போட்டும் சுட்டார்கள். அந்தப் படங்கள் தபால் அட்டைகளாகக் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. சண்டை முடிந்து பதினான்கு வருடம் ஆகிவிட்டது. சண்டை போட்டவர்களே மறந்துவிட்டார்கள். ரபேல் மறக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் அவரிடம் இருந்தன. ஓர் அட்டை கையில் கிடைத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார், பிறகு பின்பக்கம் திருப்பித் தபால் முத்திரையைப் படிப்பார், அதற்குப் பிறகுதான் படத்தையே பார்ப்பார். கெர்ட்ரூட் சொல்வாள்: "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான். முதல்ல எங்கப்பா சர்டிபிகேட்டப் படிச்சாரு. அப்புறந்தான் என் பக்கம் திரும்புனாரு."

அந்த நானூற்றுப் பன்னிரண்டில் அவர் உயிரை வைத்திருந்தது ஆறே ஆறு அட்டைகளில். தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறியபோது நடந்த ஏலத்தில் எடுத்தவை. 'வேலை தேடும் கெய்சர்' என்பது வரிசையின் பெயர். ஜெர்மனிக்கு ராஜாவாக இருந்த கெய்சர் சண்டையில் தோற்றுப் பிழைப்புக்கு வேலை தேடி அலைகிறாராம். முதல் அட்டையில் முடி வெட்டுகிறார். இரண்டாவதில் துணி துவைக்கிறார். மூன்றாவதில் சமையல். நான்காவதில் தொட்டில் ஆட்டுகிறார். ஐந்தாவதில் தபால் பை. ஆறாவதில் பூச்செடிக்குத் தண்ணீர். என்ன வேலை செய்தாலும் இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்து முறுக்கிய அந்த மீசைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ஒரு குட்டி எலி ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும். ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கயிறு ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து போகும். ஓவியனின் குறும்பு. ஆறாவது அட்டையிலும் கயிறு நிற்கவில்லை. வலது ஓரம் வரை ஓடி, ஓரத்தைத் தாண்டி எங்கோ போயிற்று.

"அப்படின்னா ஏழாவது அட்டை ஒண்ணு இருக்கு" என்றார் ரபேல், பட அட்டைச் சங்கத்தின் கூட்டத்தில்.

சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசகசாலையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் ஏழு பேர், ஒரு கூஜா தேநீர், ஒரு தீர்மானப் புத்தகம். தலைவர் சபாபதி, நில அளவை ஆபீசில் வரைபடம் வரைகிறவர். சட்டைப்பையில் எப்போதும் பூதக்கண்ணாடி வைத்திருப்பார். சண்டை நாளில் கெய்சரின் கொடும்பாவியை எரித்த கூட்டத்தில் முதல் தீக்குச்சி கிழித்தது தான்தான் என்பதை இன்றுவரை யாரையும் மறக்க விட்டதில்லை.

"அட்டை ஆறு ஆறாத்தான் வரும், மிஸ்டர் ரபேல்" என்றார் சபாபதி. "கயிறு ஓரத்துல போறது அச்சாபீசுல வெட்டுன லட்சணம். ஏழாவது உங்க தலைக்குள்ளதான் இருக்கு லா."

எல்லோரும் சிரித்தார்கள். ரபேலின் காது சிவந்துவிட்டது. தொலைந்த பொருள் எங்கே என்று தான் சொன்னால் ஈப்போ முதல் ஜொகூர் வரை நம்புகிறார்கள், இந்த ஆறு பேர் சிரிக்கிறார்களே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தில் வாயைக் கொடுத்தார். ஒரு வருடத்துக்குள் ஏழாவதை இந்த மேசை மேல் வைக்கிறேன், இல்லையென்றால் நான் சொன்னது கட்டுக்கதை என்று தீர்மானப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். சபாபதி அதை அப்படியே அழகான கையெழுத்தில் பதிந்துகொண்டார். படம் வரைகிறவர் கை அல்லவா.

வருடம் ஓடியது. பாசார்களில் பழைய பேப்பர்க்காரர்களைக் குடைந்தார். மஸ்ஜித் இந்தியா தெருவில் புத்தகக்கடை வைத்திருந்தவர் இவர் தலையைக் கண்டாலே "இல்லண்ணே" என்று முந்திக்கொண்டார். தொலைந்த பொருளுக்கு அந்தோனியார் பொறுப்பு என்று ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மெழுகுவர்த்தி ஏற்றினார். "அந்தோனியாருக்கு இதைவிட வேற வேலை இல்லையா?" என்று கேட்டாள் கெர்ட்ரூட். கெடுவுக்கு ஒரே வாரம் மிச்சம் இருந்தது.

அந்த வாரம்தான் மணி கிடைத்தது. பினாங்கிலிருந்து கிள்ளானுக்கு வர வேண்டிய ஒரு வெண்கல மணி. அனுப்பிய கடைக்காரர் சோற்றுப் பசையால் ஒட்டிய விலாசம் மழையில் கழன்று போய், ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ரபேல் விடாமல் கடிதம் போட்டு அதைப் பிடித்துவிட்டார். பூசை மணி, பாவம், காத்திருப்பார்களே என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு போர்ட் சுவெட்டன்ஹாம் ரயிலேறிக் கிள்ளானில் இறங்கி, தானே கொண்டுபோனார். வீட்டில் உட்கார்ந்தால் கெடுவை நினைக்க வேண்டியிருந்தது என்பதும் ஒரு காரணம்.

கடைக்காரர் மறுபடி எழுதி அனுப்பிய விலாசத்தில் நாகையா என்று பெயர் இருந்தது. ரயில் பாதையில் வேலை பார்க்கும் பிட்டர். கதவைத் திறந்தது அவர் மனைவி பவுனம்மாள். மணியைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வந்துட்டியா ராசா! மூணு மாசமா மணி இல்லாமப் பூச பண்ணி எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. உள்ள வாங்க கிராணி ஐயா. முனீஸ்வரன் முன்னால நீங்களே வச்சிருங்க." ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மலாயாவில் கிராணி என்று பேர்.

ரபேல் கத்தோலிக்கர்தான். ஆனாலும் அடுத்த வீட்டுச் சாமிக்கு மரியாதை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சுவரோரம் ஒரு பலகை, பலகையில் குத்துவிளக்கு, எலுமிச்சம்பழம், புகைந்துகொண்டிருக்கும் சுருட்டு. நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சாமி படம். உருட்டும் விழி, வானத்தைப் பார்க்கும் மீசை, தலையில் கூர் வைத்த கிரீடம், தூக்கிய கத்தி, வாயில் சுருட்டு, காலடியில் நாய். நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்.

அந்த நாய் கொஞ்சம் அதிகமாக நீண்டிருந்தது, கேலிப் படங்களில் ஜெர்மன்காரனுக்குப் பக்கத்தில் போடும் குட்டைக்கால் நாய் மாதிரி. ரபேல் குனிந்தார். நாயின் வாலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கட்டி முடித்த எலி ஒன்று பக்கத்தில் மல்லாந்து சிரித்துக்கொண்டிருந்தது. கயிறு இடது ஓரத்திலிருந்து வந்திருந்தது.

கையிலிருந்த மணி கணகணவென்று அடித்துக்கொண்டது. கை நடுங்கினால் மணி என்ன செய்யும்?

ஏழாவது வேலை, காவல்காரன். கெய்சர் கத்தியும் நாயுமாகக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். பவுனம்மாளையும் குறை சொல்ல முடியாது. மீசை, கத்தி, சுருட்டு, நாய் நான்கும் சேர்ந்திருந்தால் தமிழ்நாட்டிலும் மலாயாவிலும் அது வேறு யாராக இருக்க முடியும்?

"பக்தியப் பாரு, மேலெல்லாம் ஆடுது" என்றாள் பவுனம்மாள், உருகிப்போய்.

"இந்தப் படம்... எங்கேருந்து வந்துச்சும்மா?"

"என் வீட்டுக்காரர் சண்டை நேரத்துல பஸ்ராவுக்கு ரயில் போடப் போனாரு. அங்கேருந்து அனுப்புனது. மூணு வாரமா எம்பொண்ணுக்குக் காய்ச்சல். கண்ணே திறக்கல. தபால்காரர் இதக் கையில குடுத்தாரு, இத அது தலமாட்டுல வச்சேன். அன்னிக்கு ராத்திரியே காய்ச்சல் விட்டுருச்சு. இப்ப சாலாக் செலாத்தான்ல கட்டிக் குடுத்து ரெண்டு புள்ள. எல்லாம் இவரு போட்ட பிச்சை."

ரபேலுக்கு வாய் அரித்தது. உண்மையைச் சொல்ல முடியாது. சொல்லாமல் வெறுங்கையோடு போகவும் கால் வரவில்லை. பாதி உண்மையைச் சொன்னார்: "அம்மா, இதே மாதிரி ஆறு படம் எங்கிட்ட இருக்கு. எல்லாம் ஒரே முகம், ஒரே மீசை. இது ஏழாவது."

பவுனம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "ஏழு முனி! அண்ணந்தம்பி ஏழு பேரும் ஒண்ணா இருந்தாத்தான் காவல் முழுசா இருக்கும்னு எங்கம்மா சொல்லும். ஆறு பேரு அங்க இருக்காங்களா? அதுக்குத்தான் மணியச் சாக்கு வச்சு உங்கள இங்க வரவழைச்சிருக்காரு!"

இப்படி ஒரு விளக்கம் வரும் என்று ரபேல் கனவிலும் நினைக்கவில்லை. மறுக்கவும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

"அவருக்குப் போக இஷ்டமான்னு கேட்டுருவோம்" என்று வெற்றிலையில் ஒரு வெள்ளைப் பூவையும் இன்னொன்றில் ஒரு சிவப்புப் பூவையும் மடித்து, குலுக்கி, படத்தின் முன்னால் போட்டாள். "வெள்ள வந்தா உங்ககூட வர்றாரு. செகப்பு வந்தா இல்ல. நீங்களே எடுங்க."

ரபேல் கண்ணை மூடி, 'அந்தோனியாரே' என்று மனதுக்குள் சொல்லி ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை. பவுனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது. "சரி, அவருக்குப் பிடிச்சிருக்கு. கொஞ்சம் இருங்க, சக்கரப் பொங்கல் வச்சு அனுப்பறேன்" என்று அடுப்படிக்குப் போனாள்.

இத்தனை நேரம் கதவோரம் ஓர் ஒல்லியான மனிதர் நின்றிருந்தார். நாகையா. ரபேலை மெல்லப் பின்வாசலுக்கு அழைத்துப்போனார்.

"ஐயா, அது யாருன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"ஜெர்மன்காரன் ராஜா. புள்ள சோறு திங்க மாட்டேங்குதுன்னு கடுதாசி வந்துச்சு. இந்த மூஞ்சியக் காட்டிப் பயமுறுத்துன்னு பின்னால எழுதி அனுப்புனேன். அவளுக்கு எழுத்து தெரியாது. திரும்பி வந்து பாத்தா மாலை, சுருட்டு, தேங்கா."

ரபேலுக்குச் சிரிப்பு முட்டியது. "சொல்லியிருக்கலாமே?"

"வந்த அன்னிக்கே கூட்டாளிங்களோட கள்ளுக்கடைக்குப் போயிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அந்தக் காலத்துல நான் சரியான குடிகாரன் ஐயா. சம்பளம், சட்டை, அவ மூக்குத்தி எல்லாம் கள்ளுக்கடையிலதான். படத்து முன்னால நிக்க வச்சு, இனிமே தொடமாட்டேன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னா. ஜெர்மன்காரன்கிட்ட பண்ற சத்தியந்தானேன்னு சிரிச்சுக்கிட்டே அணைச்சேன்." நாகையா கொஞ்சம் நிறுத்தினார். "மறுநாள் போய்க் கோப்பையக் கையில எடுத்தேன். உள்ள அந்த மீசை தெரிஞ்சுச்சு. வச்சிட்டு வந்துட்டேன். பதிமூணு வருசம் ஆச்சு."

"ஆனா அது சாமி இல்லன்னு உங்களுக்குத் தெரியுமே."

"யாரா இருந்தா என்னய்யா? நான் வாக்குக் குடுத்தது அந்த மூஞ்சிக்கிட்ட. தினம் வேலைக்குப் போறப்ப ஒரு தடவ பாப்பேன், வர்றப்ப ஒரு தடவ பாப்பேன். கள்ளுக்கடை ஸ்டேஷனுக்குப் போற வழியிலதான் இருக்கு." அவர் ரபேலின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பூ வெள்ளையா வந்திருச்சு. அவ தடுக்கமாட்டா. நானும் தடுக்கல. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து பொங்கல் வாசனை வந்தது. ஒரு வருடக் கேலியும் தீர்மானப் புத்தகமும் சபாபதியின் சிரிப்பும் ரபேலின் கண் முன்னே வந்தன. தூக்கிக்கொண்டு போய்விடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். பிறகு உள்ளே போய், "இன்னிக்கு நாள் சரியில்லம்மா. அந்த ஆறு பேருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும். அப்புறம் பாக்கலாம்" என்று உளறி, பொங்கலை மட்டும் வாங்கிக்கொண்டு ரயிலேறினார்.

வீட்டுக்கு வந்து கெர்ட்ரூடிடம் எல்லாவற்றையும் சொன்னார். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் பொங்கலை இரண்டு தட்டில் போட்டு, பெரிய பங்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. ரபேல் ஆல்பத்தோடு போனார். சபாபதி தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை மையில் தோய்த்தே நீட்டினார். அவ்வளவு அக்கறை.

"எழுதுங்க மிஸ்டர் ரபேல். ஏழாவது அட்டைன்னு ஒண்ணு இல்ல."

ரபேல் 'ஏழாவது' வரைக்கும் எழுதிவிட்டார். அடுத்த வார்த்தைக்குக் கை எழவில்லை. இருப்பதை இல்லை என்று அவர் வாழ்நாளில் ஒரு ரசீதில்கூட எழுதியதில்லை. அப்போது வாசலில் மணிச் சத்தம் கேட்டது.

முன்னால் கெர்ட்ரூட், முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் மணியை ஆட்டிக்கொண்டு பவுனம்மாள், இடுப்பில் மஞ்சள் துணி சுற்றிய சட்டம். அதற்கும் பின்னால், தூக்குமேடைக்கு வருகிறவர் மாதிரி நாகையா.

"ஸ்டேஷன்ல விலாசம் கேட்டு வீட்டத் தேடி வந்தாங்க. கூட்டிட்டு வந்தேன்" என்றாள் கெர்ட்ரூட்.

"வர்றேன்னு பூ குடுத்த சாமியக் காக்க வைக்கலாமா கிராணி ஐயா? ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல" என்றாள் பவுனம்மாள். "அண்ணந்தம்பிங்களப் பாக்கட்டும்னு நானே தூக்கிட்டு வந்துட்டேன். என்ன, எல்லாரும் செருப்போட உக்காந்திருக்கீங்க?"

ஏழு ஜோடிச் செருப்பும் சப்பாத்தும் வாசலுக்குப் போயின. பவுனம்மாள் மேசையில் துணியைப் பிரித்தாள்.

சபாபதி பூதக்கண்ணாடியை எடுத்தார். மீசையைப் பார்த்தார். கிரீடத்தைப் பார்த்தார். அவர் வாய் தானாகத் திறந்தது. ரபேல் ஆறாவது அட்டையை எடுத்துச் சட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி வைத்தார். பூச்செடிப் பக்கத்திலிருந்து புறப்பட்ட கயிறு, ஓரத்தைத் தாண்டி, நேரே போய் நாயின் வாலில் முடிந்தது. சபாபதியின் கண்ணாடி அந்தக் கயிற்றின் மேலேயே மூன்று முறை போய் வந்தது.

"இது கெ..." என்று தொடங்கினார். நிமிர்ந்தபோது எதிரே பவுனம்மாள் கைகூப்பி நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் நாகையாவின் முகம். கெஞ்சுகிற முகம் எப்படி இருக்கும் என்று வரைபடம் வரைகிறவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னய்யா அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் பவுனம்மாள். "யாருன்னு தெரியலையா?"

சபாபதி பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"தெரியுதும்மா" என்றார் சபாபதி. "நல்லாத் தெரியுது."

"பின்ன, கும்பிடுங்க."

கெய்சரின் கொடும்பாவிக்கு முதல் தீக்குச்சி கிழித்த மனிதர் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். இரண்டு கையையும் கூப்பினார். பவுனம்மாள் நெற்றியில் பூசிய திருநீற்றையும் வாங்கிக்கொண்டார். நாகையா அப்போதுதான் மூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு பவுனம்மாள் மற்ற ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இவரு முடி வெட்டுறாரு. இவரு துணி துவைக்கிறாரு. அட, தொட்டில்கூட ஆட்டுறாரா! பாவம், என்னென்ன வேலையெல்லாம் பாத்திருக்காரு." ஏழு பேரும் இனி எங்கே இருப்பது என்று அங்கேயே இன்னொரு தடவை பூ போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். ரபேல் ஆல்பத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கெர்ட்ரூட்தான் காப்பாற்றினாள். வருடத்துக்கு ஒரு நாள், ஆடிக் கடைசி வெள்ளியன்று, ஆறு பேரும் கிள்ளானுக்கு வந்து தம்பியோடு இருந்துவிட்டுப் போவார்கள் என்று முடிவாயிற்று. நாகையா சட்டத்தைத் தானே வாங்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு சபாபதி தீர்மானப் புத்தகத்தை இழுத்தார். ரபேல் எழுதி நிறுத்தியிருந்த 'ஏழாவது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், தன் அழகான கையெழுத்தில், 'உண்டு. நான் சொன்னது தவறு. பார்க்க விரும்புகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை ரபேலும் தன் அட்டைப் பட்டியலைத் திறந்தார். ஆல்பத்தில் ஏழாவது இடம் காலியாகத்தான் இருந்தது, இனியும் அப்படித்தான் இருக்கும். பார்க்கக் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் பட்டியலில் இடம் விடக் கூடாது. இருக்குமிடம் என்ற கட்டத்தில் 'கிள்ளான்' என்று எழுதினார். நிலை என்ற கட்டத்தில் 'நெற்றியில் சந்தனம், ஓரத்தில் சாம்பிராணிப் புகை. மிக நன்று' என்று எழுதினார். குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இப்படி எழுதினார்: 'வேலை கிடைத்துவிட்டது. பதிமூன்று வருடமாக ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை.'